மறு: வானியல் 'எக்ஸ்டிங்ஷன்': தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் கோட்டூர்புரம் கோளரங்கத்துக்கு வரப்போகிறார்கள். அதனால் எல்லா மடல்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். விண்மீனிலிருந்து வரும் ஒளியை நடுவழியில் இருக்கும் தூசு குறைத்துவிடுவதைத்தான் வானியலில் 'எக்ஸ்டிங்ஷன்' என்கிறார்கள்; அதற்கொரு தமிழ்ச்சொல் வேண்டும்.

> உயிரியலில் அழிவு என்கிறோம். 'ஒளியழிவு' என்றே போடலாமே?

வேண்டாம். ஒளி அங்கே அழிந்துபோவதில்லை. விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் தூசு, சிலிக்கேட்டும் கரியும் கொண்ட நுண்பொடி. மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள்களே மிகுதி. வரும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிச் சூடேறி அகச்சிவப்பாக வெளிவிடுகிறது. இன்னொரு பகுதியைத் திசைமாற்றிச் சிதறடிக்கிறது. இரண்டையும் தாங்கும் சொல் வேண்டும். 'உட்கவர்வு' பாதியைத்தான் சொல்லும். 'மறைப்பு' ஏற்கெனவே கிரகணத்துக்குப் போய்விட்டது.

> கபிலர் மைம்மீன் புகைவதைப் பாடுகிறார் (புறம் 117). புகை, புகர், புழுதி மூன்றும் ஒரே வேர். 'புகைவு' இருக்க வேறு சொல் எதற்கு?

ஐயா, அந்தப் பாட்டை எடுத்துக் காட்டியதற்கு நன்றி. ஆனால் அங்கே புகைவது மைம்மீனாகிய சனிதான், அதுவும் தீநிமித்தமாக. நாம் பேசும் விண்மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை; குறை நடுவழியில் நேர்கிறது. புழுதியை அந்த வேரோடு கட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. ககரம் ழகரமானதற்குச் சான்று தாருங்கள், தனி இழையில் பேசுவோம்.

> 'ஒளிமங்கல்' போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் தொலைவாலும் ஒளி மங்கும். 1930இல் வானியலாளர் டிரம்ப்ளர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியதுதான் பெரிய காரியம். தொலைவிலுள்ள விண்மீன் கொத்துகள், அந்தத் தொலைவுக்கு இருக்க வேண்டியதைவிடவும் மங்கலாக இருந்தன. அந்த மிச்சக் குறைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

என் தேர்வு 'ஒளிமழுக்கம்'. மழுங்கு தன்வினை, மழுக்கு பிறவினை. வேறொன்று வந்து மழுக்குகிறது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கத்திதானே மழுங்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். வெயிலும் மழுங்கும், அகராதியிலும் ஒளி குறைதல் என்ற பொருள் உண்டு.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'பால்வீதியின் மையத்திலிருந்து வரும் கண்ணுறு ஒளி அவ்வளவு கடுமையாக மழுக்கப்படுகிறது, லட்சம் கோடியில் ஏறத்தாழ ஒரு பங்குதான் நம்மை எட்டுகிறது.' இன்னொன்று: 'பால்வீதித் தட்டுக்குப் பின்னால் இருக்கும் விண்மீன்திரள்கள் ஒளிமழுக்கத்தால் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன, ட்விங்கெலோ 1 என்ற திரள் 1994இல் ரேடியோ அலையில்தான் அகப்பட்டது.' படிக்க எங்கும் இடறவில்லை.

இதுவரை கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் மழுக்கத்துக்குச் சரி என்கிறார்கள். ஐயாவுக்கு உடன்பாடில்லை என்பதைச் சொற்பட்டியலில் குறித்து, 'புகைவு' என்பதையும் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்.

அப்புறம், 'ரெட்டனிங்' இன்னும் தொங்கலில் கிடக்கிறது. தூசு நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் மழுக்குவதால் விண்மீன் சிவந்து தெரிகிறது. 'செம்மையேற்றம்' என்று போட்டால் பிள்ளைகள் செம்பெயர்ச்சியோடு ('ரெட்ஷிஃப்ட்') குழப்பிக்கொள்வார்கள். செம்பெயர்ச்சியில் நிறமாலைக் கோடுகளே இடம்பெயரும். இதில் அவை நின்ற இடத்திலேயே நிற்கும். தங்கை சொன்ன 'நீலமிழப்பு' கருத்தளவில் மிகச் சரி. ஆனால் தூசு சிவப்பையும் சற்று எடுத்துக்கொள்கிறதே என்று தயங்குகிறேன். ஞாயிறு இரவுக்குள் யாராவது வேறு சொல் தந்தால் சேர்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் நீலமிழப்புதான் அச்சேறும்.