முதல் பந்தயத்துக்கு ஏன் பெயர் கொடுத்தீர்கள்?

முதல் ஓட்டப் பந்தயத்துக்கு ஏன் பெயர் கொடுத்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் உடனே ஆரோக்கியம் என்று சொல்லிவிடுகிறோம். ஆரோக்கியத்துக்குத் தினமும் நடந்தாலே போதுமே. காசு கட்டி, நெஞ்சில் எண் போட்ட பிப் அட்டையைக் குத்திக்கொண்டு, விடியும் முன்பே கூட்டத்தோடு போய் நிற்பதற்கு வேறு காரணம் இருந்திருக்க வேண்டும். என்னுடையதைச் சொல்கிறேன், ஓடுகிறவர்களின் இந்தக் குழுவில் நீங்களும் உங்களுடையதை எழுதுங்கள்.

நான் கோவை. நாற்பதைத் தாண்டிய பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 6.1 என்று வந்தது, சுகர் பார்டரில் இருக்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நடக்க ஆரம்பித்தேன். ஆனால் நடைப்பயிற்சியை வீட்டில் யாரும் ஒரு வேலையாகவே எடுத்துக்கொள்வதில்லை. "இன்னைக்கு ஒரு நாள் போகலைன்னா என்ன" என்பார்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பையனுக்குப் பரீட்சை, ஊரிலிருந்து விருந்தாளி, ஏதாவது ஒன்று இருக்கும், நானும் நின்றுவிடுவேன்.

அப்புறம்தான் கோயம்புத்தூர் மாரத்தானில் 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தேன். 2013இலிருந்து கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடக்கிற ஓட்டம் அது. என் அம்மா புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர், அதனால் பணம் கட்ட யோசிக்கவே இல்லை. கட்டின பிறகு வீட்டில் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பந்தயத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, செவ்வாய் இவ்வளவு, வியாழன் இவ்வளவு, ஞாயிறு லாங் ரன், அதாவது நீண்ட தூர ஓட்டம் என்று அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இட்லி ஊற்றுகிற வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார், "அம்மாவுக்கு லாங் ரன் இருக்கு, சத்தம் போடாதீங்க" என்று சனிக்கிழமை ராத்திரி பையனே எல்லோரையும் அடக்குகிறான். ஒரு பெண் தனக்கென்று ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்று கேட்டால் கிடைப்பதில்லை, பந்தயத்துக்குத் தயாராகிறேன் என்றால் கிடைத்துவிடுகிறது. இது நியாயமே இல்லை, கேட்டவுடன் கிடைத்திருக்க வேண்டியது. ஆனாலும் எனக்கு அந்தக் காலை நேரம் வேண்டும், அதற்காகவே ஒரு பந்தயம் முடிந்ததும் அடுத்ததற்குப் பெயர் கொடுத்துவிடுகிறேன். இப்போது அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர்.

* * *

தங்கச்சி, நான் சென்னை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு நேரம் ஒரு பிரச்சினையே இல்லை, மிச்சம் இருந்ததுதான் பிரச்சினை. மனைவி தவறிய பிறகு ராத்திரி தூக்கம் வராது. உடம்பு அசந்தால் தூங்கிவிடலாம் என்றுதான் கடற்கரைச் சாலையில் ஓட ஆரம்பித்தேன். ஃபௌஜா சிங் பற்றிப் படித்தது அந்த நாட்களில்தான். பஞ்சாபில் விவசாயம் பார்த்தவர், மனைவியும் மகனும் அடுத்தடுத்து இறந்த துக்கத்திலிருந்து வெளியே வர ஓடியவர், 2000இல் லண்டன் மாரத்தானை முடித்தபோது அவருக்கு 89 வயது. 2011இல் டொரன்டோவில் ஓடியபோது நூறு. ஓடினவர்களைப் பற்றியெல்லாம் எவ்வளவோ படிக்கிறோம், இவர் ஒருவரைப் பற்றிப் படித்தபோதுதான் இந்த மனுஷருக்கு என் வீடு எப்படி இருக்கும் என்று தெரியும் என்று தோன்றியது.

நான் வைத்துக்கொண்ட இலக்கு சென்னை மாரத்தானில் இருக்கிற இருபது மைல், அதாவது 32 கிலோமீட்டர் சொச்சம். ஏன் அந்தத் தூரம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தசையிலும் கல்லீரலிலும் நாம் சேர்த்து வைத்திருக்கிற கிளைகோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்பு பெரும்பாலானவர்களுக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துவிடும், கால் கல் மாதிரி ஆகிவிடும், ஓடுகிறவர்கள் சுவர் என்று சொல்வது இதைத்தான். அந்த இடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு அப்புறம் முழு மாரத்தானான 42.195 கிலோமீட்டருக்குப் போகலாம் என்று நினைத்தேன். சென்னையில் ஜனவரியிலும் புழுக்கம் உண்டு, வெயில் ஏறினால் அவ்வளவுதான், அதனால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் உப்பு கலந்த தண்ணீரும் இரண்டு பேரீச்சம்பழமும் இடையிடையே உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். கடைசி இரண்டு கிலோமீட்டரில் என் மனைவியிடம் வாய்விட்டுப் பேசிக்கொண்டேதான் ஓடினேன். பக்கத்தில் ஓடிய பையன் ஒன்றும் கேட்காமல் முடிவுக் கோடு வரை கூடவே வந்தான். அவனுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை, இங்கே இருந்தால் படிக்கட்டும்.

* * *

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எனக்குக் காரணம் இரண்டு பேருக்கும் நேர் எதிர். நான் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன், மாதம் முழுக்க டார்கெட்தான். அதனால் ஆரோவில் மாரத்தானுக்கு மட்டும்தான் போவேன். பிப்ரவரியில் காட்டுக்குள் செம்மண் பாதையில் ஓட்டம், நேரம் பதியும் சிப் கிடையாது, பரிசு கிடையாது, முதலில் வந்தது யார் என்று அறிவிப்பதும் கிடையாது. வாட்சைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். இலக்கு இல்லாவிட்டால் பயிற்சி நின்றுவிடும் என்று குழுவில் சொல்கிறார்கள், எனக்கு நிற்கவில்லை. தூரம் ஒன்று இருந்தால் போதும், நேரம் வேண்டாம்.

* * *

அக்கா, நான் மதுரை, கல்லூரி முடித்திருக்கிறேன். பெயர் கொடுக்க ஆசை. ஆனால் அவ்வளவு தூரம் ஓடினால் கர்ப்பப்பைக்கு ஆகாது என்று ஆச்சி விடமாட்டேன் என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

* * *

மதுரைத் தங்கச்சிக்குக் கோவை அக்கா எழுதுகிறேன். உன் ஆச்சி சொல்வதைத்தான் ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பந்தயம் நடத்தியவர்களும் சொன்னார்கள். 1967இல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நடத்தியவர்களில் ஒருவர் பாய்ந்து வந்து அவருடைய எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். கேத்ரின் ஓடி முடித்தார். 1972இல்தான் அங்கே பெண்களை முறைப்படி சேர்த்தார்கள், ஒலிம்பிக்ஸில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984இல். கர்ப்பப்பை ஓட்டத்தால் இறங்கிவிடாது. உனக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று மட்டும் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை பார்த்துக்கொள், நம் ஊர்ப் பெண்களில் நிறையப் பேருக்கு அது இருக்கிறது, மூச்சு வாங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அந்த ரிப்போர்ட்டை ஆச்சியிடம் காட்டு, கூட இருந்து பேச டாக்டரையும் கூட்டிக்கொள். 5 கிலோமீட்டரில் ஆரம்பி.

புதுச்சேரித் தம்பி சொன்னதையும் யோசித்தேன். நேரம் எனக்கும் வேண்டாம்தான். தேதி வேண்டும். தேதி இல்லையென்றால் எங்கள் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னுடையதாக இருக்காது.