கோவை – கோழிக்கோடு 2 மீட்டர் ஹாம் வானொலித் தொடர்பு: குறுக்கே மலை, வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். கோவையில் மொட்டை மாடியில் நிறுத்திய செங்குத்து ஆன்டெனாவும் 25 வாட் எஃப்.எம். கருவியும் கொண்டு 145 மெகாஹெர்ட்ஸில், அதாவது 2 மீட்டர் அலைநீளப் பட்டையில், ஹாம் எனும் பொழுதுபோக்கு வானொலியில் பேசி வருகிறேன். ஏறக்குறைய 97 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சூர் நண்பரின் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் 130 கிலோமீட்டரில் உள்ள கோழிக்கோட்டு நண்பரின் குரல் சிறிதும் கேட்பதில்லை. 50 வாட் கருவி வாங்கினால் இது தீருமா?

மறுமொழி:
ஐயா, தயவுசெய்து வாங்காதீர்கள். இரட்டிப்பு வாட் தருவது வெறும் 3 டெசிபல் (அலையின் வலிமையை ஒப்பிடும் அலகு). இங்கே தொலைவைவிடத் திசையே முக்கியம். திருச்சூருக்கான நேர்கோடு பாலக்காட்டுக் கணவாயின் வழியே செல்கிறது. கோவை கடல்மட்டத்திற்கு 400 மீட்டர் மேலே இருப்பதும் உதவுகிறது. கோழிக்கோட்டுக்கான கோடோ அட்டப்பாடி, சைலன்ட் வேலி மலைகளின் மேல் விழுகிறது.

ஆயினும் மலையை முழுமையான சுவர் என்று எண்ண வேண்டாம். கூர்மையான முகட்டில் அலை வளைந்து மறுபுறம் இறங்கும். இதுவே விளிம்பு விளைவு. நேர்கோட்டுக்கு 2000 மீட்டர் மேலே எழும் ஒரே முகடு பாதி வழியில் இருப்பதாகக் கொண்டால், கணக்குப்படி இழப்பு சுமார் 34 டெசிபல்தான். உண்மையில் முகடுகள் பல, அவற்றின் உச்சிகளும் காடு மூடி உருண்டிருப்பவை. ஆகவே இழப்பு இன்னும் கூடும். இருமுனையிலும் நீண்ட யாகி ஆன்டெனாவை (ஒரே திசையில் அலையைக் குவிக்கும் பல குச்சி ஆன்டெனா) கிடைமட்டமாக அமைத்து, எஃப்.எம்.முக்குப் பதிலாகக் குறுகிய அலையகலம் கொண்ட எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் முயன்றால், ஒவ்வொரு முனையிலும் 10 டெசிபல் அளவுக்கு ஈட்டலாம் என்பதோடு, அக்குறுகிய அலையகலத்தால் இரைச்சலும் குறையும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் 435 மெகாஹெர்ட்ஸ் மேலானதா? ஆன்டெனாவை எத்திசையில் திருப்புவது?

மறுமொழி:
முதலில் 145இலேயே முயலுங்கள். அதிர்வெண் மும்மடங்கானால் அதே முகட்டில் இழப்பு ஏறக்குறைய 5 டெசிபல் கூடும். திசையைப் பொறுத்தவரை, மேற்கிலிருந்து சற்றே வடக்காக, 282 டிகிரியில் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணி) தொடங்குங்கள். அங்கே ஒன்றும் கேட்காவிடில், இருவரும் நெல்லியாம்பதி மலைகளை நோக்கித் திருப்புங்கள்: உங்களுக்கு 208 டிகிரி, அவருக்குத் தென்கிழக்கு. கணவாயின் தென்கரையிலுள்ள அச்சரிவுகள் வடக்கு நோக்கியிருப்பதால், அங்கிருந்து தெறிக்கும் அலை இருவரையும் எட்டக்கூடும். அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள ஹாம்கள் ரெய்னியர் மலையை இவ்வாறே பயன்படுத்துகிறார்கள். ஒருவர் தொடர்ந்து மோர்ஸ் அனுப்ப, மற்றவர் 5 டிகிரிக்கு ஒருமுறை நிறுத்திக் கேட்பது நல்லது.