வாஷிங்டன் இர்விங் பிஷப் மேடையில் என்னதான் செய்தார்?

கேள்வி

பழைய மென்டலிஸ்டுகளை, அதாவது மனதைப் படிப்பதாக மேடையில் காட்டுகிறவர்களைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். வாஷிங்டன் இர்விங் பிஷப் என்று பெயர் வந்தாலே எல்லோரும் அவர் செத்த கதையைத்தான் சொல்கிறார்கள். 1889-ல் மயங்கிக் கிடந்தவரை உயிரோடு அறுத்துவிட்டார்கள் என்பதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. மேடையில் அவர் என்ன செய்தார்? கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒளித்துவைத்த பொருளை எப்படிக் கண்டுபிடித்தார்? கூட்டத்தில் ஆள் வைத்திருந்தாரா? இந்த வகை நிகழ்ச்சி செய்கிறவர்கள் யாராவது இருந்தால் விரிவாகச் சொல்லுங்கள்.

பதில் 1

ஆள் வைத்திருப்பார், வேறென்ன. கண்ணை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்கோரமாகக் கீழே தெரியும். உள்ளே ஒரு கூட்டாளி இருந்தால் போதும்.

பதில் 2

அப்படிச் சொல்லிக் கடந்துபோக முடியாது. நான் மேடையில் செய்வதில் முக்கால்வாசி இந்த வகைதான்: கையைப் பிடித்துக்கொண்டு பொருளைத் தேடுவது. அதனால் பிஷப்பை யாராவது வெறும் ஏமாற்றுக்காரர் என்றால் எனக்குப் பொறுக்காது. அவர் பொய்யும் புளுகும் நிறையச் சொன்னவர், அதற்கும் வருகிறேன். ஆனால் கையில் இருந்த வித்தை அசல்.

அன்னா ஈவா ஃபே என்று ஒரு அமெரிக்க மீடியம், அதாவது ஆவிகளோடு தொடர்பு இருப்பதாகச் சொல்லிக்கொள்பவர். தன்னைக் கட்டிப்போடச் சொல்லிவிட்டு, ஆவிகள் வந்து வாத்தியம் வாசிப்பதாகக் காட்டுவார். பிஷப் அவருடைய குழுவில் உதவியாளராக இருந்தார். 1876-ல் கட்டிலிருந்து கை எப்படி விடுபடுகிறது என்பதை நியூயார்க் பத்திரிகை ஒன்றில் படத்தோடு அம்பலப்படுத்தினார். கொஞ்ச காலம் மீடியங்களின் தந்திரங்களை மேடையில் செய்து காட்டுவதே அவருக்குத் தொழிலாக இருந்தது. பொருள் தேடுவதை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஜே. ராண்டால் பிரவுன் என்பவர் அதற்கு முன்பே செய்து பேர் வாங்கியிருந்தார். ஜார்ஜ் பியர்ட் என்ற நரம்பியல் மருத்துவர் பிரவுனை ஆராய்ந்து, இது மனதைப் படிப்பது அல்ல, தசையைப் படிப்பது என்று எழுதினார். ‘மசில் ரீடிங்’ என்ற பெயர் நிலைத்தது அப்போதுதான்.

பிஷப் அதை நாடகமாக்கினார். அவருடைய கொலை விளையாட்டைக் கேளுங்கள். பிஷப்பை வெளியே அனுப்பிவிடுவார்கள். பார்வையாளர்களில் ஒருவர் கொலைகாரர். மேசையில் இருக்கும் பல கத்திகளில் ஒன்றை எடுத்து, இன்னொருவரைக் குத்துவதுபோல நடித்துவிட்டுக் கத்தியை எங்காவது ஒளித்துவிடுவார். கண்ணைக் கட்டிய பிஷப் உள்ளே வந்து, எல்லாவற்றையும் பார்த்த ஒருவரின் மணிக்கட்டைப் பிடிப்பார். பிடித்ததும் கிட்டத்தட்ட ஓட்டம்தான். நாற்காலிகளுக்கு நடுவே பாய்வார், நிற்பார், மூச்சு வாங்குவார், திரும்புவார். கத்தி, குத்தியவர், குத்துப்பட்டவர், குத்து விழுந்த இடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

அந்த ஓட்டத்தைப் பலரும் வெறும் பரபரப்புக்காக என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதுதான் வேலையின் பாதி. மெதுவாக நடந்தால் கூட வருபவருக்குத் தன் கையைக் கட்டுப்படுத்த நேரம் கிடைத்துவிடும். வேகமாக இழுத்துக்கொண்டு போனால் அவரால் முடியாது. சரியான பக்கம் போகும்போது கை இலகுவாகக் கூட வரும். தவறான பக்கம் திரும்பினால் நூலளவு இறுக்கம் தெரியும். இடத்தைத் தாண்டிவிட்டால் அவர் கால் தானாகத் தயங்கும். எல்லாம் அவருக்கே தெரியாமல் நடப்பது. நாடி பிடிக்கும் வைத்தியர் போல விரல் நுனியில் கவனம் இருந்தால் போதும், வார்த்தை தேவையே இல்லை. ஒன்றை ஆழமாக நினைத்தாலே உடம்பு அந்தப் பக்கம் துளி அசையும் என்பதை வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் 1852-லேயே எழுதிவிட்டார்.

கூட்டாளி இருந்தாரா என்பதற்கு நல்ல பதில் 1881-ல் லண்டனில் நடந்த சோதனை. ஜார்ஜ் ரோமானெஸ், பிரான்சிஸ் கால்டன், ரே லாங்கெஸ்டர் போன்ற விஞ்ஞானிகள் உட்கார்ந்து பிஷப்பைச் சோதித்தார்கள். லாங்கெஸ்டர் அதற்கு முன்பே ஹென்றி ஸ்லேட் என்ற மீடியத்தை நீதிமன்றம் வரை இழுத்தவர், லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. கையைத் தொட்டிருந்தபோது பிஷப் ஒளித்த பொருளைக் கண்டுபிடித்தார். கூட வருபவரின் கண்ணையும் கட்டி, திசை தெரியாமல் சுற்றவிட்டபோது தோற்றார். எனக்கு அந்தத் தோல்விதான் முக்கியம். வழிகாட்டுபவருக்கே வழி தெரியாவிட்டால் அவர் தசை எதைச் சொல்லும்? கூட்டாளி வைத்து ஆடுகிறவர் அந்த இடத்தில் தோற்க மாட்டார்.

பதில் 3

சரி, கையைப் பிடிப்பது புரிகிறது. ஆனால் ஒளித்த பொருளைத் தேடி, கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில் குதிரை வண்டி ஓட்டினாரே, அது எப்படி? தசையைப் படித்து வண்டி ஓட்ட முடியாது.

பதில் 4 (பதில் 2 எழுதியவர்)

நியாயமான கேள்வி. அங்கே இரண்டு வேலை இருக்கிறது. எங்கே போவது என்பது ஒன்று. பொருளை ஒளித்த குழுவினர் வண்டியில் கூடவே இருப்பார்கள், அந்தத் தகவல் அவர்கள் உடம்பிலிருந்து வரும். எதிலும் மோதாமல் ஓட்டுவது மற்றொன்று, அதற்குக் கண் வேண்டும். முதல் பதிலில் சொன்ன மூக்கோர இடைவெளி இங்கே பொருந்துகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்வை இருந்தாலும் பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்பது தெரியாது. தந்திரமும் திறமையும் ஒரே வண்டியில் போயிருக்கின்றன. இந்தக் கலையில் பெரும்பாலும் அப்படித்தான்.

அவருடைய பொய்களைச் சொல்வதாகச் சொன்னேன். ஆவி மீடியங்களை அம்பலப்படுத்தி வளர்ந்தவர், பிறகு தனக்கே ஏதோ சக்தி இருப்பதாக மக்கள் நம்பட்டும் என்று விட்டுவிட்டார். நிகழ்ச்சி முடிவில் துவண்டு விழுவது, நாடி எகிறியிருப்பதை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுவது எல்லாம் அதற்குத்தான் உதவின. இங்கிலாந்தில் மெஜிஷியன் மாஸ்கலினைத் தாக்கி அச்சில் அவதூறு பரப்பியதற்கு அவர்மேல் 10,000 பவுண்டு நஷ்டஈடு தீர்ப்பானது. பிறகு அதைக் குறைத்தார்கள். என்ன குறைத்தாலும் அது பெருமைப்படும் விஷயம் இல்லை. அவரிடம் உதவியாளராக இருந்த ஸ்டூவர்ட் கம்பர்லாண்ட் இதே வித்தையைச் செய்துகொண்டு, எனக்கு அமானுஷ்ய சக்தி எதுவும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கூட்டம் குறையவில்லை. பிஷப்பும் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் அந்தச் சாவுக் கதை? உண்மையிலேயே உயிரோடுதான் இருந்தாரா?

பதில் 5 (பதில் 2 எழுதியவர்)

1889 மே 12 இரவு, நியூயார்க்கில் நாடகக்காரர்கள் கூடும் லாம்ப்ஸ் கிளப். நிகழ்ச்சி நடுவே மயங்கி விழுந்தார், தெளிந்தார், மறுபடி செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தார், மறுபடி விழுந்தார். அதன்பின் எழவில்லை. மறுநாள் இறந்துவிட்டதாக டாக்டர்கள் சொல்லி, சில மணி நேரத்துக்குள் பிரேதப் பரிசோதனையும் செய்துவிட்டார்கள். அவருடைய அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. என் மகனுக்கு இப்படி விறைத்துக் கிடப்பது வழக்கம், அறுக்கக் கூடாது என்று சட்டைப் பையில் சீட்டு வைத்திருப்பான், அவன் உயிரோடு இருந்தபோதே அறுத்துவிட்டார்கள் என்றார் அம்மா. கல்லறையில் ‘கொலை செய்யப்பட்டார்’ என்றே பொறித்தார். டாக்டர்கள்மேல் வழக்கு வந்தது, யாருக்கும் தண்டனை இல்லை.

உயிரோடு இருந்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதை உண்மைபோல எழுதுவது தவறு. ஆனால் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒருவர், மயங்கி விழுவதற்கே பேர்போனவர், அவரை அவ்வளவு அவசரமாக, தாயைக் கேட்காமல் மேசையில் கிடத்தியது அநியாயம். அந்த அம்மாவின் கோபத்தை நான் முழுக்க நம்புகிறேன்.

பதில் 6

இந்த வித்தை அவரோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024-ல் காலமான அமெரிக்க மென்டலிஸ்ட் கிரெஸ்கின், தன் சம்பளக் காசோலையைப் பார்வையாளர்களை விட்டே அரங்கத்தில் ஒளித்துவைக்கச் சொல்வார். கண்டுபிடிக்காவிட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. சில தடவை உண்மையாகவே இழந்திருக்கிறார்.

கேள்வி கேட்டவர்

வீட்டிலேயே முயன்று பார்க்க முடியுமா?

பதில் 7 (பதில் 2 எழுதியவர்)

தாராளமாக. பெரிய அறை வேண்டாம். மேசையில் இரண்டு பொருள் வைத்து, எதிரில் இருப்பவர் ஒன்றை மனதில் நினைக்கட்டும். அவர் மணிக்கட்டை லேசாகப் பிடித்து, இரண்டுக்கும் நடுவில் கையை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நினைத்த பொருள் வலப்பக்கம் இருந்தால் ‘வலது, வலது’ என்று, இடப்பக்கம் இருந்தால் ‘இடது, இடது’ என்று அவரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், வாய் அசையக் கூடாது. இது பிடிபட்ட பிறகு ஐந்து பொருள், அப்புறம் ஒரு அறை. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். சிரித்துக்கொண்டே வருகிறவர், உங்களைத் தோற்கடிக்க நினைக்கிறவர் இருவரும் ஆரம்பத்தில் வேண்டாம். நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்று நிஜமாக ஆசைப்படுகிற ஒருவரைப் பிடியுங்கள். கையை இறுக்கிப் பிடித்தால் உங்கள் தசைதான் உங்களுக்குக் கேட்கும், அதனால் பிடி தளர்வாகவே இருக்கட்டும்.