டயனோஜெஸ்ட்டை இப்போதே நிறுத்துவதா, பரிசோதனை முடிந்த பிறகா?

விவாதத்துக்கு எடுத்த நிலைமை: வயது 33. எண்டோமெட்ரியோசிஸுக்கு (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) மூன்று வருஷமாக தினம் டயனோஜெஸ்ட் என்ற ஹோர்மோன் மாத்திரை 2 மி.கி. இடது சூலகத்தில் 3 செ.மீ. சொக்லட் சிஸ்ட் (இந்த நோயால் வரும், பழைய இரத்தம் நிறைந்த கட்டி). ஹட்டன் பக்கத் தோட்டத்தில் கொழுந்து வேலை. பிள்ளைக்கு முயற்சிக்கப் போகிறார்கள்.

பச்சைமலை:
இப்பவே நிறுத்தணும். இந்த மாத்திரை வலியை அடக்கும், அவ்வளவுதான். "இன்னும் ஆறு மாசம் குடிச்சா கர்ப்பப்பை ஓய்வெடுத்து சுத்தமாகும்"னு சொல்ற ஆட்கள் இன்னமும் இருக்காங்க. இனப்பெருக்க மருத்துவத்துக்கான ஐரோப்பிய சங்கம் 2022ல வெளியிட்ட வழிகாட்டி, பிள்ளை தங்குறதுக்காக சூலகத்தை அடக்கும் ஹோர்மோன் கொடுக்க வேணாம்னு தெளிவா சொல்லுது. குடிக்கிற காலம் முழுக்க பெரும்பாலும் முட்டை வெளியேறாது. 33 வயசுல அந்த மாசங்கள் வீண். நிறுத்தினா மருந்து சில நாள்ல உடம்பை விட்டுப் போயிடும். ரெண்டு மாசத்துக்குள்ள அநேகமானவங்களுக்கு சுழற்சி திரும்பிடும். மூணு மாசம் "மருந்து கழியட்டும்"னு காத்திருக்கிறதெல்லாம் தேவையில்லை.

கொத்மலைக்காரி:
மருந்து பிள்ளைக்கு உதவாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. நிறுத்துகிற திகதியில்தான் சண்டை. நிறுத்தினால் பலருக்கு வலி திரும்பும். வலியில் மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. அந்த வலியை ஆறு மாதம் தாங்கிய பிறகு கணவருக்கு விந்தணு குறைவு என்று ரிப்போர்ட் வந்தால், அந்த ஆறு மாதத்துக்கு யார் பதில் சொல்வது? அவருடைய பரிசோதனைக்கும் மனைவி மாத்திரை குடிப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதை முதல் வாரமே முடிக்கலாம். கருக்குழாய் அடைப்புப் பார்க்கும் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே படத்தையும் மாத்திரையோடே எடுக்கலாம். போலிக் அமிலத்தையும் இப்போதே தொடங்கலாம், நாளுக்குக் குறைந்தது 400 மைக்ரோகிராம். மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொன்னால் எம்.ஓ.எச். கிளினிக்கில் கிடைக்கும். ருபெல்லா ஊசி போடாதவர் என்றால் போட்டு ஒரு மாதம் கரு தங்காமல் பார்க்க வேண்டும். அந்த ஒரு மாதம் மாத்திரையோடே கழியட்டுமே?

பச்சைமலை:
விந்துப் பரிசோதனை சரி, ஒத்துக்கிறேன். எச்.எஸ்.ஜி.க்கு முன்ன சிறுநீர்ல கர்ப்பப் பரிசோதனை செய்யணும், ஏன்னா டயனோஜெஸ்ட்டை மட்டும் நம்பி கருத்தடைன்னு இருக்க முடியாது. ஆனா நீங்க சொல்லப்போற அடுத்த பரிசோதனை ஏ.எம்.எச். தானே, முட்டை இருப்பைக் காட்டுற இரத்தப் பரிசோதனை? அதை மாத்திரையோட எடுக்காதீங்க. ஹோர்மோன்ல இருக்கும்போது அளவு உள்ளதை விடக் குறைச்சுக் காட்டலாம். அந்தக் காகிதத்தைப் பார்த்து "முட்டை முடிஞ்சுபோச்சு"ன்னு வீட்டுல அழுகை கிளம்பும். நிறுத்தி ரெண்டு மூணு மாசம் கழிச்சு எடுத்தாத்தான் நம்பலாம்.

மருந்துக்கடை அண்ணன்:
ரெண்டு பேரும் டயனோஜெஸ்ட்டை மட்டும் வச்சுப் பேசுறீங்க. வாசிக்கிறவங்கள்ல பாதிப் பேர் மூணு மாசக் கருத்தடை ஊசியில இருப்பாங்க. டெப்போ 150 மி.கி. போட்டவங்களுக்குக் கணக்கே வேற. கடைசி ஊசியிலிருந்து கரு தங்க சராசரியா ஒன்பது, பத்து மாசம் ஆகும். சிலருக்கு ஒன்றரை வருஷமும் இழுக்கும். அடுத்த வருஷம் பிள்ளை வேணும்னா அடுத்த ஊசியைப் போடாம, டொக்டர்கிட்ட கேட்டு இப்பவே மாத்திரைக்கு மாறணும். எண்டோவுக்கே போடுற லியூப்ரோலைட் 3.75 மி.கி. மாத ஊசின்னா கடைசி ஊசிக்குப் பிறகு மாதவிடாய் வர ரெண்டு மாசம் போல ஆகும். எண்டோவுக்கான பழைய ஹோர்மோன் மருந்து டானசோல் குடிக்கிறவங்க அதை முழுசா நிறுத்தி, ஒரு மாதவிடாயும் வந்த பிறகுதான் முயற்சிக்கணும். பெண் கருவோட பிறப்புறுப்பு வளர்ச்சியை அது மாத்திடும்.

கொத்மலைக்காரி:
அண்ணன் சொன்னது முக்கியம். ஏ.எம்.எச். விஷயத்தில் பச்சைமலை சொல்வதே சரி, அதைத் தள்ளி வைப்போம். ஆனால் அந்தச் சிஸ்ட்? 3 செ.மீ.தானே என்று விடுவதா?

பச்சைமலை:
விடணும். சொக்லட் சிஸ்ட்டை உரிச்செடுக்கும்போது நல்ல சூலகத் திசுவும் சேர்ந்து வரும், முட்டை இருப்பு குறையும். ஐ.வி.எப்.க்கு (சோதனைக்குழாய் முறைக்கு) முன்னாடிகூட வழக்கமா வெட்டச் சொல்றதில்லை. வேகமா வளர்ந்தா, ஸ்கேன்ல சந்தேகமான தோற்றம் இருந்தா, வலி தாங்க முடியலைன்னா அது வேற கதை.

கொத்மலைக்காரி:
அப்படியானால் வலிக்கு என்ன திட்டம்? நிறுத்தச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

மருந்துக்கடை அண்ணன்:
மெபனமிக் அமிலம் 500 மி.கி. சாப்பாட்டுக்குப் பிறகு, நாளுக்கு மூணு தடவை, மாதவிடாயோட முதல் ரெண்டு மூணு நாள் மட்டும். முட்டை வெளியேறுற நாட்கள்ல வேணாம். அந்த மாதிரி மருந்து முட்டைப்பை வெடிக்கிறதைத் தடுக்கலாம். பலர் வலி வரும்னு பயந்து மாசம் முழுக்க விழுங்குறாங்க, அப்புறம் ஏன் தங்கலைன்னு கேக்குறாங்க. மத்த நாட்களுக்கு பரசிட்டமோல் 500 ரெண்டு, ஆறு மணிநேர இடைவெளியில. 50 கிலோவுக்குக் குறைவான ஆளுன்னா அளவைக் கேட்டுக்கணும்.

முட்டை நாளைப் பார்க்கிற எல்.எச். ஸ்ட்ரிப், 28 நாள் சுழற்சின்னா 11ஆம் நாள்ல தொடங்கணும். மலையிலிருந்து இறங்கினதும், தேத்தண்ணி குடிக்க முன்ன எடுக்கணும். நிறையக் குடிச்சிட்டு எடுத்தா சிறுநீர் ஐதாகிக் கோடு மங்கும். பரிசோதனைக் கோடு பக்கத்துக் கோட்டளவு தடிச்சா ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள்ள முட்டை வெளியேறும். அன்னைக்கும் மறுநாளும் சேரணும்.

கொத்மலைக்காரி:
கணவர் பரிசோதனை பற்றி ஒன்று. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுத்தான் மாதிரி கொடுக்க வேண்டும், ஒரு மணிநேரத்துக்குள் லெப்புக்குப் போக வேண்டும். மேல் டிவிஷனிலிருந்து ஹட்டனுக்கு பஸ் பிடித்து வருவதற்குள் அது கெட்டுவிடும், அதுவும் காலைக் குளிரில். லெப்பிலேயே அறை கேட்டு எடுப்பதுதான் சரி. ஆணுறையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அது செல்லாது. முதல் துளி சிந்தியிருந்தால் லெப்காரரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணிக்கை குறைவாக வரும்.

பச்சைமலை:
இதெல்லாம் ரெண்டு மூணு வாரத்துல முடியிற வேலை. அந்த ரெண்டு மூணு வாரத்துக்கு மாத்திரை தொடரட்டும், அதுக்கு மேல ஒரு அட்டையும் வாங்க வேணாம். நிறுத்தி ஆறு மாசத்துல தங்கலைன்னா ஒரு வருஷம் வரை பார்க்காம கண்டி பக்கம் கருவள நிபுணரைச் சனல் பண்ணுங்க.

கொத்மலைக்காரி:
எச்.எஸ்.ஜி.க்கு வரிசை இரண்டு மாதம் என்றால்?

பச்சைமலை:
அப்ப நிறுத்திட்டுக் காத்திருங்க. மாதவிடாய் முடிஞ்சு முட்டை வெளியேற முன்ன, ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள்ள எடுத்துக்கலாம்.

மருந்துக்கடை அண்ணன்:
பொசிட்டிவ் வந்தா ஆறு, ஏழாவது வாரம் ஸ்கேன். எண்டோ உள்ளவங்களுக்குக் குழாய்ல தங்குற ஆபத்து கொஞ்சம் கூட. ஒரு பக்க வயிற்று வலி, தோள்பட்டை நுனியில வலி, தலைசுத்தல் வந்தா பழைய வலிதான்னு மாத்திரை போட்டுப் படுக்காம, அன்னைக்கே வாகனம் பிடிச்சு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகணும்.