கட்டணமில்லா எண்ணுக்குப் ‘பொறுப்பு மாற்றம்’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வணிகத் தொலைபேசிச் சேவைக்கான மேலாண்மைப் பலகையை (டாஷ்போர்டை) தமிழாக்கும் பணியில், கட்டணமில்லா எண் ஒன்றை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்துக்குக் கொண்டுபோகும் செயலுக்கு, அதாவது பேச்சில் எல்லாரும் ‘போர்ட் பண்ணுவது’ என்று சொல்வதற்கு, என்ன சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு இதுவரை ‘எண்பெயர்ப்பு’, ‘எண் இடமாற்றம்’, ‘எண் உரிமை மாற்றம்’ என்ற மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஏற்க இயலாது என்று நான் கருதுவதற்கான காரணங்களையும், அவற்றுக்குப் பதிலாகப் ‘பொறுப்பு மாற்றம்’ என்பதை முன்வைப்பதற்கான காரணங்களையும் விரிவாக எழுதுகிறேன். பலகையைப் பயன்படுத்தப்போகிறவர்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் கடையோ அலுவலகமோ நடத்தும் தமிழர்கள் என்பதால், அங்குள்ள நடைமுறையையே அடிப்படையாகக் கொள்கிறேன்.

சொல்லை முடிவு செய்வதற்கு முன் செயலைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 1967இல் 800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்களை அறிமுகப்படுத்தியபோது, எண்ணும் அதைத் தாங்கும் வலையமைப்பும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. பின்னர்ப் போட்டி நிறுவனங்கள் வந்தபோதும், 800க்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்களைப் பார்த்தே அந்த எண் எந்த நிறுவனத்துடையது என்று தொலைபேசி நிலையங்கள் அறிந்துகொண்டன. ஆகவே நிறுவனத்தை விட்டு விலகும் வணிகர் எண்ணையும் விட்டுவிட வேண்டியிருந்தது. விளம்பரப் பலகையிலும் வண்டியின் பக்கவாட்டிலும் ரசீதுப் புத்தகத்திலும் அச்சிட்ட எண்ணை இழக்க மனமில்லாமலேயே பலர் பழைய நிறுவனத்தோடு கட்டுண்டு கிடந்தனர். 1993 மே 1 அன்று இந்தப் பிணைப்பு அறுந்தது. அன்றுமுதல் ஒவ்வோர் அழைப்பின்போதும் தொலைபேசி நிலையம் ஒரு மையத் தரவுதளத்தைக் கேட்டு, இந்த எண்ணுக்கான அழைப்பை எந்த நிறுவனத்திடம் ஒப்படைப்பது என்ற விடையைப் பெற்ற பிறகே அழைப்பைச் செலுத்துகிறது.

இன்று 800, 888, 877, 866, 855, 844, 833 ஆகிய ஏழு முன்னெண்களும் அந்த ஒரே பதிவேட்டில் உள்ளன. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதிகளுக்கு உட்பட்டு, சோமோஸ் என்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது. கனடாவின் கட்டணமில்லா எண்களும் அதிலேயே அடங்கும். பதிவேட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே இரண்டு செய்திகள் இருக்கின்றன என்பதுதான் நம் விவாதத்துக்கு அடிப்படை. முதலாவது, அந்த எண்ணின் பதிவைத் திறந்து திருத்தும் அதிகாரம் பெற்ற நிறுவனம் எது என்பது. துறையினர் இந்த நிறுவனத்தை ‘ரெஸ்பார்க்’ (‘ரெஸ்பான்சிபிள் ஆர்கனைசேஷன்’ என்பதன் சுருக்கம்) என்று அழைக்கிறார்கள். இரண்டாவது, அழைப்பு எந்த வலையமைப்பு வழியாக எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற தடக்குறிப்பு. இரண்டும் வெவ்வேறானவை. ரெஸ்பார்க் ஒரு தொலைபேசி நிறுவனமாகவே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை; சொந்தமாக ஒரு கம்பிகூட இல்லாமல் பதிவேட்டு வேலையை மட்டும் செய்கிற ரெஸ்பார்க்குகள் உண்டு. ஓர் எண்ணின் தடக்குறிப்பில் பகலில் ஒரு வலையமைப்பு, இரவில் வேறொன்று, கிழக்கு மாநிலங்களுக்கு ஒன்று, மேற்குக்கு இன்னொன்று என்று பிரித்து எழுதவும் முடியும்.

ஆகவே ஒரு வணிகர் தம் கட்டணமில்லா எண்ணைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோகும்போது, பதிவேட்டில் ரெஸ்பார்க் மாறுகிறது; அதன் பிறகு புதிய ரெஸ்பார்க் தடக்குறிப்பைத் திருத்துகிறது. முதல் மாற்றம் முடிந்து இரண்டாவது நடைபெறாமல் இருக்கும் இடைவெளியில் பழைய தடக்குறிப்பே செல்லுபடியாவதால், அழைப்புகள் பழைய நிறுவனத்தின் வழியாகவே வந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளியில் பழைய நிறுவனம் கணக்கை மூடிவிட்டால், எண் வணிகரிடமே இருந்தும் மணி அடிக்காது. பயனரைப் பெரிதும் பதறவைக்கும் கட்டம் இதுவே. இரண்டு மாற்றங்களையும் ஒரே சொல்லால் குறித்தால், பலகையைப் பார்க்கிறவருக்கு எது முடிந்தது, எது முடியவில்லை என்று சொல்ல நம்மிடம் வழியே இருக்காது.

இனி, வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். ‘எண்பெயர்ப்பு’ ஓசையில் அழகானது. மொழிபெயர்ப்பு என்பதை ஒட்டியது என்று அதைப் பரிந்துரைத்த நண்பர் விளக்கியிருந்தார். என் மறுப்பும் அந்த ஒப்புமையிலிருந்தே எழுகிறது. மொழிபெயர்க்கும்போது மொழி மாறுகிறது, கருத்து நிற்கிறது. இடம்பெயரும்போது இடம் மாறுகிறது, ஆள் அவரே. புலம்பெயர்தலிலும் அப்படியே. இந்தச் சொற்களில் எல்லாம் ‘பெயர்’ என்பதற்கு முன்னால் நிற்பது எதுவோ, அதுதான் கைவிடப்படுகிறது. இந்த மரபில் பழகிய காதுக்கு ‘எண்பெயர்ப்பு’ என்றால் எண் மாறிவிட்டது என்றே பொருள்படும். நாம் சொல்ல வருவதோ எண் மாறவில்லை என்பது. இதோடு, ஒன்று, இரண்டு, மூன்று என்பவற்றை இலக்கணத்தில் எண்ணுப்பெயர் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்த நினைவும் குறுக்கே வரும்.

‘எண் இடமாற்றம்’ என்பதில் வேறு வகைச் சிக்கல். பேசிக்கொண்டிருக்கும் அழைப்பை இன்னொருவருக்கு மாற்றிவிடும் வசதியும், அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதியும் இதே பலகையில் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்களாக இருக்கின்றன. ‘மாற்று’, ‘இடமாற்று’ என்று அடுத்தடுத்து வந்தால், அவசரத்தில் இருக்கும் கடைக்காரர் எதை அழுத்துவார் என்று சொல்ல முடியாது. தவிர, கட்டணமில்லா எண்ணுக்கு ஊரோ வட்டாரமோ கிடையாது என்பதே அதன் சிறப்பு. இடமே இல்லாத ஒன்றுக்கு இடமாற்றம் பொருந்தவில்லை.

‘உரிமை மாற்றம்’ சட்டப்படியே தவறு. எஃப்.சி.சி. விதிகளின்படி கட்டணமில்லா எண்கள் பொதுவளம். அவற்றைப் பதுக்குவதும், ஒருவர் இன்னொருவருக்கு விலைக்கு விற்பதும் பொதுவாகத் தடை செய்யப்பட்டவை. (833 வரிசையின் சில எண்கள் 2019இல் ஏலம் விடப்பட்டது தனிக் கதை, அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை.) வணிகர் அந்த எண்ணின் சந்தாதாரரேயன்றி உடைமையாளர் அல்லர். அதைவிட முக்கியமானது, இந்தச் செயலில் சந்தாதாரர் மாறுவதே இல்லை. அதே கடை, அதே முதலாளி, அதே எண். உரிமை மாற்றம் என்று எழுதினால், கடை கைமாறும்போது செய்ய வேண்டிய படிவம் இது என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள்.

நான்காவதாக, ‘வழங்குநர் மாற்றம்’ என்று வைத்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. தமிழ் வழக்கு இயல்பாகச் செல்லும் திசை அதுதான்: பெயர் மாற்றம், முகவரி மாற்றம், பட்டா மாற்றம் என்று எது மாறுகிறதோ அதைச் சொல்லித்தான் நாம் செயலுக்குப் பெயர் வைக்கிறோம். 2011 சனவரி 20 அன்று இந்தியா முழுவதும் கைபேசிக்கு இந்த வசதி வந்தபோது, ‘எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றலாம்’ என்று தமிழ் நாளேடுகள் விளக்கியதும் இதே முறையில்தான். கைபேசி எண்ணுக்கு அது போதும். அங்கே நிறுவனம் ஒன்றே. கட்டணமில்லா எண்ணில் வழங்குநர் என்றால் ரெஸ்பார்க்கா, வலையமைப்பா என்ற கேள்வி எழுகிறது. வலையமைப்புகள் இரண்டு மூன்று இருக்கலாம் என்பதையும், ரெஸ்பார்க் மாறாமலே அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பதையும் மேலே பார்த்தோம்.

எது மாறுகிறதோ அதைச் சொல்லும் அந்த மரபை விடாமல், இங்கே உண்மையில் மாறுவது எது என்று கேட்டால், எண்ணின் பதிவுக்கான பொறுப்பு என்பதே விடை. ரெஸ்பார்க் என்ற சொல்லின் முதற்பாதியும் பொறுப்பையே குறிக்கிறது. ஆகவே ரெஸ்பார்க்குக்குப் ‘பொறுப்பு நிறுவனம்’ என்றும், செயலுக்கு ‘எண் பொறுப்பு மாற்றம்’ என்றும், வலையமைப்பை மட்டும் மாற்றுவதற்குத் ‘தடமாற்றம்’ என்றும் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. இதில் எனக்குப் பெரிய நிறைவு தருவது, எண் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தனித்தனிச் சொல் தேடி அலைய வேண்டாம் என்பதுதான். அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது பொறுப்பை ஒப்படைக்கிறார், புதியவர் பொறுப்பேற்கிறார்; அலுவலகமும் கோப்பும் நாற்காலியும் அங்கேயே இருக்கின்றன. எண் நம்மிடம் வருவது ‘எண் பொறுப்பேற்பு’. நம்மை விட்டுப் போவது ‘எண் பொறுப்பு ஒப்படைப்பு’. எந்த விளக்கமும் இல்லாமல் தமிழர் எவருக்கும் புரிகிற சொற்கள் இவை.

நிலைச்செய்திகளும் இதனால் தெளிவாகின்றன. ‘பொறுப்பேற்பு முடிந்தது, தடமாற்றம் நிலுவையில் உள்ளது’ என்ற ஒரே வரி, மேலே சொன்ன இடைவெளியைப் பயனருக்கு உணர்த்திவிடும். அதன்கீழேயே, ‘தடமாற்றம் முடியும்வரை பழைய நிறுவனத்தின் சேவையை நிறுத்த வேண்டாம்’ என்ற எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். மாற்றம் நடப்பதற்கு முன்பே சேவையை நிறுத்திவிட்டால், எண் துண்டிப்பு நிலைக்குப் போய், அதிகபட்சம் நான்கு மாதங்களுக்குள் பொதுத் தொகுப்புக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு யார் முந்துகிறாரோ அவருக்கே அது கிடைக்கும்.

அடுத்து, வணிகர் கையெழுத்திட்டுத் தர வேண்டிய கடிதம். இந்தியாவில் கைபேசி நிறுவனத்தை மாற்ற 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, வந்த குறியீட்டைக் கொடுத்துப் பழகியவர்கள் இங்கும் அப்படி ஒரு குறியீட்டை எதிர்பார்ப்பார்கள். இங்கே அடிப்படை ஆவணம் கையொப்பமிட்ட கடிதமே. ‘அதிகாரப் பத்திரம்’ என்றால் சொத்து விற்பனைக்கு எழுதிக்கொடுக்கும் ஆவணம் நினைவுக்கு வந்து மிரட்டும். ‘இசைவுக் கடிதம்’ என்று எளிமையாக வைக்கலாம். இந்தக் கடிதம் திருப்பி அனுப்பப்படுவதற்கு அடிக்கடி காணப்படும் காரணம், அதில் உள்ள பெயரும் பழைய நிறுவனத்தின் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகாததுதான். கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு நகைக்கடையின் முகப்பில் இருப்பது குலதெய்வத்தின் பெயராக இருக்கலாம். ஆனால் ஒன்ராறியோ மாகாணப் பதிவிலும் தொலைபேசிக் கட்டணச் சீட்டிலும் வெறும் இலக்கங்களும் ‘ஒன்ராறியோ இன்க்.’ என்பதும் மட்டுமே இருக்கும். எண்ணையே பெயராகக் கொண்ட நிறுவனங்கள் அங்கே மிகுதி. எனவே கடிதத்தில் பெயரை எழுதும் கட்டத்துக்கு ‘நிறுவனப் பெயர்’ என்று மட்டும் எழுதாமல் ‘கட்டணச் சீட்டில் உள்ளபடி நிறுவனப் பெயர்’ என்றே தமிழாக்க வேண்டும். மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதாக யாரும் குறைகூறினால், பயனருக்கு ஒரு வார அலைச்சலை மிச்சப்படுத்தும் சேர்க்கை அது என்பதே என் விடை.

என் முன்மொழிவுக்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை நானே எடுத்துவைக்கிறேன். கணக்கியலில் ‘சொத்துகளும் பொறுப்புகளும்’ என்னும்போது பொறுப்பு என்பது கடன். வணிகர்கள் கணக்கேட்டோடு வாழ்கிறவர்கள். ‘எண் பொறுப்பு மாற்றம்’ என்றதும், பழைய நிறுவனத்தில் உள்ள கட்டண பாக்கியும் புதிய நிறுவனத்துக்கு வந்துவிடும் என்று ஒருவர் நினைக்க இடமுண்டு. அது நடக்காது, பாக்கி பழைய இடத்திலேயே நிற்கும். ஆயினும் ‘பொறுப்பேற்பு’, ‘பொறுப்பு ஒப்படைப்பு’ என்ற வடிவங்களில் கடன் என்ற பொருள் எட்டிப்பார்ப்பதில்லை. எனவே பொத்தான்களிலும் நிலைச்செய்திகளிலும் இவ்விரண்டையே பயன்படுத்தி, ‘பொறுப்பு மாற்றம்’ என்ற பொதுச்சொல்லை உதவிப் பக்கத்தின் தலைப்புக்கும் கலைச்சொல் பட்டியலுக்கும் ஒதுக்கினால் இந்தக் குழப்பம் பெரிதும் நீங்கும். ‘நிலுவைக் கட்டணம் பழைய நிறுவனத்திடமே செலுத்தப்பட வேண்டும்’ என்ற வரியை உதவிப் பக்கத்தில் சேர்ப்பதும் நல்லது.

எண்ணை விடுகிற நிறுவனத்தையும் பெறுகிற நிறுவனத்தையும் குறிக்க ‘ஒப்படைக்கும் நிறுவனம்’, ‘ஏற்கும் நிறுவனம்’ என்று எழுதியிருக்கிறேன். பலகையின் குறுகிய பத்தியில் முதலாவது அடங்கவில்லை. ‘விடும் நிறுவனம்’ அடங்குகிறது, ஆனால் வணிகரைக் கைவிடுவது போன்ற தொனி அதில் இருக்கிறது. இடைவெளியையும் சேர்த்துப் பன்னிரண்டு எழுத்துகளுக்குள் அடங்கும் வேறு சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.