புதுப்பிப்பு: பி-பிட்டில் எடை வரம்பு ஏன் உடைந்தது?

0-க்கும் 1-க்கும் இடையே தானாக ஊசலாடும் பி-பிட்களில் நாப்சாக் கணக்கைப் (எடை வரம்புக்குள் அதிக மதிப்புள்ள பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு; பொருளுக்கு ஒரு பிட், 1 என்றால் பையில் உண்டு) போட்டால், எடை வரம்பை மீறிய விடைகளே வருகின்றன என்று போன இழையில் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

பிட்கள் குறைக்கப் பார்க்கும் அளவான ஆற்றலோடு, மீறலின் வர்க்கத்தைத் தண்டமாகச் சேர்த்திருந்தேன். தண்டம் குறைந்தால் வரம்பு உடைகிறது. கூடினால் பிட்கள் ஏதோ ஒரு பள்ளத்தில் உறைந்துவிடுகின்றன. போதாததற்கு, வர்க்கத்தை விரித்தால் எல்லா பிட்களும் ஒன்றோடொன்று பிணைகின்றன. பிணைந்த பிட்களை ஒரே நேரத்தில் புதுப்பிக்கக் கூடாது. வன்பொருளின் வேகமே அங்கே போய்விடுகிறது.

சரி, இப்போது வர்க்கத்தை எடுத்துவிட்டு லக்ராஞ்ச் பெருக்கியை, அதாவது ஒவ்வொரு அலகு எடைக்கும் ஒரு விலையை, வைத்திருக்கிறேன். வரம்பு 50, மாதிரிகளின் (பிட்கள் ஊசலாடும்போது எடுக்கும் விடைகளின்) சராசரி எடை 53 என்றால் பெருக்கியைச் சற்று ஏற்றுகிறேன். 47 என்றால் இறக்குகிறேன், சுழிக்குக் கீழே மட்டும் போகவிடுவதில்லை. ஒவ்வொரு பிட்டும் 0 பக்கமா 1 பக்கமா என்ற சாய்வு மட்டுமே மாறுகிறது, பிணைப்புகளைத் தொடவே வேண்டாம். எனக்கு இதில்தான் அவ்வளவு சந்தோஷம்!

ஒன்றைக் கவனியுங்கள்: சராசரி 50 என்றால் ஒவ்வொரு மாதிரியும் 50-க்குள் என்று அர்த்தமில்லை. வரம்புக்குள் வந்தவற்றில் சிறந்ததைத் தனியே சேமித்துக்கொண்டே வரவேண்டும். இருமை இடைவெளி உள்ள, அதாவது பெருக்கியைச் சரிசெய்வதால் மட்டும் சிறந்த விடையை எட்ட முடியாத, கணக்குகளுக்குச் சின்னத் தண்டமும் தேவைப்படும். அடுத்து அதைத்தான் பார்க்கிறேன்.