காவலூரில் நான் அறிந்த வைணு பாப்பு

காவலூர் வானாய்வகத்துக்குப் போய் வந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பெரிய தொலைநோக்கியைப் பற்றித்தான் சொல்வார்கள். எனக்கு மனதில் நின்றவர் அதற்காகவே உழைத்த வானியலாளர் வைணு பாப்பு.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறினோம். உள்ளே நுழைந்ததும் விளக்கு, கைப்பேசி வெளிச்சம் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் தெற்கே அடிவானம் வரை விண்மீன்கள் தெரிந்தன. பாப்பு ஏன் இந்த இடத்தைப் பிடித்தார் என்பது அங்கே நின்றால் சொல்லாமலே விளங்கும். வடக்கே உள்ள பெரிய ஆய்வகங்களுக்கு எட்டாத தென்வானத்தின் பெரும்பகுதி இங்கிருந்து கிடைக்கிறது.

1960இல் கொடைக்கானல் ஆய்வகத்துக்கு இயக்குநராக வந்தவர் அவர். அங்கே சூரியனை ஆராயும் வேலை பல பத்தாண்டுகளாக நடந்துவந்தது. இரவு வானத்துக்கென்று தனி இடம் வேண்டும் என்று தேடி, காவலூரைத் தேர்ந்தெடுத்தார். சொந்தமாகச் செய்த, 38 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடி கொண்ட தொலைநோக்கியில்தான் தொடக்கம். 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தபோது, அதற்கு முன்பே அந்த விண்மீனின் ஒளி சற்று மங்கியதை இந்த 1 மீட்டர் கருவியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்தார்கள். ஒளியை மறைத்தது யுரேனஸின் வளையம்; அதற்கு வளையங்கள் இருப்பது தெரியவந்த அதே நிகழ்வுதான் அது!

எங்களுக்கு விளக்கிய ஊழியரிடம் பாப்புவின் சொந்த ஆராய்ச்சி எது என்று கேட்டேன். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, 1949இல், போக், நியூகர்க் ஆகியோருடன் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்ததைச் சொன்னார். அதைவிட என்னை அசத்தியது வில்சன்-பாப்பு விளைவுதான். சூரியனையும் அதைவிடக் குளிர்ந்த விண்மீன்களையும் எடுத்துக்கொண்டால், அவற்றின் நிறமாலையில் (ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் வண்ணப்பட்டையில்) கால்சியம் உண்டாக்கும் ‘கே’ என்ற கோடு கருமையாகத் தெரியும். அதன் நடுவில் ஒரு மெல்லிய ஒளிக்கீற்று இருக்கும். அந்தக் கீற்று அகலமாக இருந்தால் விண்மீன் உண்மையிலேயே அதிகப் பிரகாசமானது. அந்தப் பிரகாசம் தெரிந்துவிட்டால், நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடலாம். ஒரு கோட்டின் அகலத்தை வைத்து விண்மீனின் தூரம்! 1957இல் அமெரிக்க வானியலாளர் ஓலின் வில்சனுடன் சேர்ந்து பாப்பு வெளியிட்டது இது. இதைப் பள்ளிப் பாடத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்பேன்.

அப்புறம் பெரிய குவிமாடம். அங்கே உள்ள தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டம். அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கூடத்தில். முடிந்த கருவியை வெளிநாட்டிலிருந்து வாங்கிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். நம் ஆட்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் பாப்பு உறுதியாக இருந்தார். ஆனால் கருவி முடிவதற்குள், 1982 ஆகஸ்டில், மியூனிக்கில் காலமானார். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்த நேரம் அது. வயது 55தான். 1986 ஜனவரியில் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

போக நினைப்பவர்கள் மழைக்காலத்தைத் தவிர்த்து, ஜனவரிக்குப் பிறகு நிலவில்லாத இரவாகப் பார்த்துப் போங்கள். பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் கட்டாயம் அழைத்துப் போங்கள்.